திங்கட்கிழமைப் பாதை

டிசம்பர் மாதத்து முதல் ஞாயிறு காலை, அப்பாவின் புதுச் சைக்கிளுக்குத் தேங்காய் உடைக்க ஐந்து பேர் எங்கள் கடை வாசலில் கூடினார்கள். பழக்கத்தில்தான் எங்கள் கடை என்கிறேன். அது சாரதாதேவி அன்ரியின் கடை. பாரிஸின் லா சப்பலில் பூசைச் சாமானும் சேலையும் விற்கிறோம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிறகு இரண்டு வருடமாக அங்கே இருக்கிறேன். வருகிறவர்களோடு பேசுவதை அன்ரி பார்த்துக்கொள்வார். மடிப்பதும் அடுக்குவதும் விலை ஒட்டுவதும் என் வேலை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

எங்கள் வீடு சார்செல்லில். அந்த ஐந்து பேரும் அன்று சைக்கிள் ஓடப் போகிற காடு அதற்கும் வடக்கே. ஆனால் பூசை செய்யாமல் புது வாகனத்தை எடுக்கக் கூடாது என்பதற்காக அப்பா சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு தெற்கே லா சப்பலுக்கு வந்திருந்தார். பிறகு அதே ரயிலில் சார்செல்லைத் தாண்டித் திரும்பிப் போக வேண்டும். அப்பா ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல் வேலை செய்கிறார். சீனி வருத்தம் கூடியதால் உடம்பை அசைக்கச் சொல்லி டொக்டர் சொல்ல, வின்சன்ற் அண்ணையின் கூட்டத்தில் சேர்ந்திருந்தார். வின்சன்ற் அண்ணை எங்களுக்கு அடுத்த கடையில் போன் திருத்துகிறவர். சேறு, கல், மணல் எதிலும் ஓடக்கூடிய தடித்த ரயர் வைத்த சைக்கிளை அந்தத் தெருவில் முதலில் வாங்கியவர் அவர்தான்.

"ஊரிலை கிறவல் கல்லு றோட்டிலை ஓடி முதுகு முறிஞ்சுதான் இஞ்சை வந்தனாங்கள். இப்ப காசு குடுத்துக் கிறவல் தேடி ஓடுறம்," என்றார் அவர்.

"பேசாமல் தேசிக்காயை சில்லுக்குக் கீழை வை," என்றார் அப்பா. "நீ வேதக்காரன், உனக்கு இதெல்லாம் விளங்காது."

"விளங்காட்டி என்ன. நான் நேற்றே மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டன், ஸ்ரீ அண்ணை. உங்களுக்கு ரெண்டு பக்கத்தாலையும் காவல்."

ஞானசுந்தரம் சாமி கற்பூரத்தை ஏற்றினார். மற்ற நாட்களில் அவர் ஞானசுந்தரம் மாமா. ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்ததால் அந்த மாதம் முழுக்க எல்லோருக்கும் சாமி. கறுப்பு வேட்டிக்குப் பதிலாகக் கறுப்புக் காற்சட்டை, கறுப்பு யக்கெற், கறுப்புத் தொப்பி, மழிக்காத தாடி.

வின்சன்ற் அண்ணை போனை எல்லோருக்கும் காட்டினார். "இதுதான் இண்டைக்குப் போற வழி. மூஸ் எண்டு ஒரு வெள்ளைக்காரப் பெடியன் போட்டது. எவ்வளவு ஒழுங்காய் எழுதியிருக்கிறான் பாருங்கோ. எங்கை சேறு, எங்கை மணல் புதையும், எந்த மரத்தடியிலை இருந்து சாப்பிடலாம், எல்லாம் இருக்கு."

நான் ஊதுபத்திப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

அந்த மூஸ் நான்தான். பிரெஞ்சில் பாசி என்று பொருள். திங்கட்கிழமைகளில் எங்கள் கடை பூட்டு. சென் தெனி நூலகத்தில் விட்டுப்போன பரீட்சையை வெளியிலிருந்து எழுதப் படிப்பதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, கடையின் நிலவறையில் வைத்திருக்கும் என் பழைய சைக்கிளோடு ரயில் ஏறி, தண்டவாளம் காட்டுக்குள் நுழைகிற இடத்தில் இறங்கிவிடுவேன். மாலை வரை யாரோடும் பேசத் தேவையில்லை. வகுப்பில் எழுந்து பேசச் சொன்னபோது வந்த பயம் காட்டில் ஒருநாளும் வந்ததில்லை. போன வழிகளை எழுதி, வரைபடத்தோடு அந்தப் பெயரில் ஒரு சைக்கிள் இணையத்தளத்தில் போட்டுவந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன், இன்று அவர்கள் போகவிருந்த பாதையின் பதிவுக்குக் கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: குளிர்காலத்து ஞாயிறுகளில் இந்தப் பகுதியில் வேட்டை நடக்கும், செம்மஞ்சள் உடுப்பு இல்லாமல் வராதீர்கள். நான் போவது திங்கட்கிழமை, எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். பாதையைத் திருத்தவும் இல்லை, மேலே ஒரு வரி சேர்க்கவும் இல்லை.

சொன்னால் என் திங்கட்கிழமைகள் போய்விடும். தனியாகக் காட்டுக்குப் போகிற பெண்பிள்ளையை எந்த அப்பா விடுவார்? சொல்லாவிட்டால் அவர்கள் அரைமணி நேரத்தில் ரயில் ஏறுவார்கள்.

வெளியே வந்து, "அப்பா," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. தேங்காய் நடைபாதையில் உடைந்து சிதறியது. அப்பா சைக்கிளை முன்னே உருட்டினார். தேசிக்காய் இரண்டும் நசுங்கின. நான் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பிள்ளை?"

"அந்தப் பாதையாலை போகாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமையிலை அங்கை வேட்டை நடக்கும். துவக்கோடை நிப்பாங்கள்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"அந்தப் பாதை நான் போட்டது."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வின்சன்ற் அண்ணையின் போனைப் பார்த்தார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். "திங்கட்கிழமையளிலை நான் நூலகத்துக்குப் போறதில்லை. முதல் ரெண்டு கிழமை போனனான். பிறகு காட்டுக்குத்தான்."

வின்சன்ற் அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். "ஆறு மாசமாய் அந்தப் பெடியனுக்கு மெர்சி மெர்சி எண்டு நன்றி எழுதிக்கொண்டிருக்கிறன். பக்கத்துக் கடையிலையோ இருந்தனி?"

"நிலவறையிலை நிக்கிற சைக்கிளிலை எப்பவும் அரை இஞ்சிக்குச் சேறு," என்றார் அன்ரி. "சென் தெனி நூலகத்திலை ஏது இவ்வளவு சேறு எண்டு நானும் யோசிச்சனான்."

அப்பா என்னைப் பார்க்காமல், நசுங்கிய தேசிக்காய்களைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வேட்டை எண்டால் என்னத்தைச் சுடுறவங்கள்?" என்று சாமி கேட்டார்.

"மான். காட்டுப்பண்டி."

வின்சன்ற் அண்ணை சாமியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "கறுப்பு உடுப்பு, கறுப்புத் தாடி. இந்த வண்டி வயித்தோடை பத்தைக்குள்ளாலை வந்தால் அவன் கேள்வி கேக்கமாட்டான், சாமி."

சாமியே முதலில் சிரித்தார். "மலைக்குப் போக முதலே மோட்சம்."

அன்ரி அந்தச் சிரிப்பில் சேரவில்லை. உள்ளே போய், மேல்தட்டிலிருந்து செம்மஞ்சள் நிறக் காவிச் சால்வைக் கட்டை இறக்கிக்கொண்டு வந்தார். "ஐயப்பனுக்குக் காவியும் உடுக்கிறதுதானே. எல்லாரும் கட்டுங்கோ. கஜந்தினி, ஊசி எடு, சில்லுக்குள்ளை போகாமல் குத்திவிடு."

ஒவ்வொருவரின் முதுகிலும் சால்வையைக் குறுக்காகக் கட்டி ஊசி குத்தினேன். அப்பாவின் முதுகில் குத்தும்போது அவர் திரும்பாமலே கேட்டார்.

"காட்டுக்குள்ளை போகாமல் வேறை வழி இருக்கோ?"

"இருக்கு. வயல் கரையாலை. பீற்றூட் வயல்கள். கொஞ்சம் சுத்து."

"அப்ப நீயும் வா. வழி தெரிஞ்ச ஆள் நீதானே."

அன்ரி ஆறாவது சால்வையை என் தோளில் போட்டார்.

ரயிலில் அப்பா புதுச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். இறங்கியதும் நான் என் பழைய சைக்கிளில் முன்னால் ஓடினேன். வயல்கள் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்தன. உழவு இயந்திரம் போன தடத்தில் தண்ணீர் உறைந்திருந்தது. சில்லு ஏறும்போது மெல்லிய கண்ணாடி உடைவதுபோல் சத்தம் கேட்டது. பின்னால் வின்சன்ற் அண்ணை ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாதாவைக் கூப்பிட்டார்.

வயலும் காடும் சேருமிடத்தில் வேட்டை நடப்பதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். அருகில் செம்மஞ்சள் தொப்பியோடு மூன்று பேரும் ஒரு நாயும். நாங்கள் நின்றோம். அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு வெடி கேட்டது. பிறகு இன்னொன்று. சத்தம் வந்த திசை எனக்குத் தெரியும். என் பாதையில் மூன்றாவது கிலோமீற்றர், சாப்பிட நல்ல இடம் என்று நான் எழுதிய மரத்தின் பக்கம். அப்பா வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வேட்டைக்காரர்களில் வயதானவர் எங்கள் ஆறு பேரையும், சால்வைகளையும், நெற்றியில் இருந்த விபூதியையும் பார்த்து, நாங்கள் என்ன சங்கம் என்று கேட்டார். கோயில் என்றார் வின்சன்ற் அண்ணை. வருகிற எல்லோரும் இப்படித் தூரத்திலேயே தெரிந்தால் தங்களுக்கும் நிம்மதி என்றார் அந்த வேட்டைக்காரர். எல்லோரும் நகரத் தொடங்கியபோது நான் நின்றேன்.

திங்கட்கிழமைகளிலும் வேட்டை உண்டா என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவர்கள் ஆட்கள் சனி, ஞாயிறு மட்டும்தான் வருவார்கள் என்றும், எதற்கும் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போகும்படியும் சொன்னார்.

ஒரு மணிக்கு வயல் கரையில் குந்தியிருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அப்பா என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"தனியப் போறனி. விழுந்தால் என்ன செய்வாய்?"

"விழுந்தனான். ரெண்டு தரம்."

"பிறகு?"

"எழும்பி வந்தனான்."

அப்பா பாணை மென்று முடித்தார். "இண்டைக்கு நீ வாயைத் திறக்காமல் விட்டிருந்தால் நாங்கள் அந்த மரத்துக்குக் கீழைதான் இருந்திருப்பம்," என்றார். "அம்மாவுக்கு நான் சொல்லுறன். ஆனால் பொய் சொல்லிப்போட்டுப் போறது இனி வேண்டாம். போக முதல் வழியை எனக்கு அனுப்பு. திரும்பி றெயில் ஏறினவுடனை ஒரு சொல்லுப் போடு."

"அப்ப போகலாமோ?"

"போகாதை எண்டால் நிக்கிற ஆளோ நீ?"

அவர் மனம் மாறுமுன் அந்த இடத்திலேயே போனை எடுத்து மறுநாளைய வழியை அனுப்பினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"முழுக்கக் காடோ?"

"ஓம். நாளைக்கு வேட்டை இல்லை. கேட்டிட்டன்."

"ஏத்தம் இருக்கோ?"

"ரெண்டு. ரெண்டாவது கொஞ்சம் பெரிசு."

அப்பா போனைப் பைக்குள் வைத்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப நீயே போ," என்றார்.