கெட்டி சொன்னது யார்?

எங்கள் பட்டறையில் ஏணிகளுக்குக் ‘கெட்டி’ சொல்வது என் வேலை. கணக்கில் கெட்டி என்பார்கள், பிழைத்து வந்தவனுக்கு ஆயுசு கெட்டி என்பார்கள். அதெல்லாம் சும்மா வாய்ப்பேச்சு. பட்டறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஏறியவர் தன் காலாலேயே இறங்கி வருவார். உச்சிப்படியில் நின்று மூன்று முறை குதித்துவிட்டு, அங்கிருந்தே உரக்கச் சொல்ல வேண்டும். பிறகுதான் சிவப்புப் புள்ளி வைப்பேன். தரையில் நின்று சொன்னால் செல்லாது.

பட்டறை என் அண்ணனுடையது. மூன்று மாதத்துக்கு முன்பு நான் காய்ச்சலில் கிடந்த வாரத்தில்தான் என் வீட்டுக்காரர் அங்கிருந்து ஓர் ஏணி எடுத்துப் போனார். அவருக்குச் சுவருக்கு வண்ணம் பூசும் வேலை. ஐந்தாவது படி முறிந்து விழுந்தார். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. முறிந்த படியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரிசலில் மரத்தூளையும் பசையையும் திணித்து மெழுகியிருந்தார்கள். நான் ஆகாது என்று கழித்துப்போட்ட ஏணி அது! உச்சியில் சிவப்புப் புள்ளி மட்டும் பளிச்சென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் அண்ணன் கூசாமல் சொன்னார்: “காய்ச்சலுக்கு முந்தின நாள் இவதான் கெட்டி சொன்னா. என்னை ஏன் கேக்கறீங்க?”

அது நான் கழித்த ஏணி என்றதை யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து மாமியார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டறைக்காரர்கள், “உங்க வாயால கெட்டி வேண்டாம்மா, எங்களுக்கும் கால் வேணும்” என்று சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். வீட்டுக்காரர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: “உண்மையிலேயே ஏறிப் பாத்தியா, இல்ல அவசரத்துல சொல்லிட்டியா?”

அந்தக் கேள்விக்காகவே அண்ணனைச் சும்மா விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

பெரிய கட்டட முதலாளி ஒருவர் நாற்பது ஏணிகளைப் பார்த்து எடுக்க வந்தார். அன்று வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பட்டறை வாசலில் உட்கார வைத்தேன். நான் கழித்த ஏணிகளில் ஒன்றை அண்ணன் சாய்த்து வைத்து, தட்டிக் காட்டி, “கெட்டிங்க!” என்றார். தரையில் நின்றபடி.

“அண்ணே, மேல ஏறிச் சொல்லுங்க. அதுதானே நம்ம வழக்கம்” என்றேன்.

“நீ ஏறேன்.”

“சொன்னது நீங்க.”

முதலாளி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வீம்புக்கு அண்ணன் ஏறினார். நான்காவது படியில் நின்று, ஐந்தாவதில் ஒரு காலை வைத்தார். அது முனகியது. கால் அப்படியே நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

“ஏய், நல்லாப் பிடிச்சுக்கோ!”

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “பிடிச்சிருக்கேன். என் வீட்டுக்காரர் விழுந்த ஏணிக்குக் கெட்டி சொன்னது யாரு?”

“இப்பவா கேக்கறே?”

ஒரு கையை எடுத்தேன். ஏணி இம்மியளவு நகர்ந்தது.

“நான்தான்! நான்தான் புள்ளி வச்சேன்! போதுமா?”

“வாசல்வரைக்கும் கேக்கல.”

“நான்தான் வச்சேன்! அவ ஏறவே இல்ல!” குரல் கிழிந்து வந்தது.

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். முதலாளி வண்டியில் ஏறிப் போய்விட்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன்.

மறுபடியும் இரண்டு கையாலும் பிடித்து அண்ணனை இறங்கவிட்டேன். ஒவ்வொரு படியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார். தரையைத் தொட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

“கூடப்பிறந்தவன்னுகூடப் பாக்கலியேடி” என்றார்.

“நீங்க பாத்தீங்களா, அண்ணே?”

நான் வீட்டுக்காரரின் தோளைத் தாங்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.