தங்கராசுவின் முகவரி

மஸ்கட்டில் மூன்று மாதம் ஆட்டம் என்று ஒப்பந்தமானதும், அந்த சர்க்கஸில் முதலில் பயணத்துக்குத் தயாரானவன் தங்கராசுதான். தங்கராசு ஒரு பஞ்சவர்ணக்கிளி. நீலமும் மஞ்சளுமாக இருக்கும், சின்ன சைக்கிள் ஓட்டும், "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கும். எல்லாம் அதை வளர்த்துப் பழக்கிய ஜெபமலர் பக்கத்தில் நின்றால் மட்டும். வேறு யார் நின்றாலும் அவர்கள் விரலுக்கு உத்தரவாதமில்லை.

சர்வதேசச் சட்டம் என்றால் சும்மாவா? கிளியை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்தார்கள். காலில் எண் போட்ட வளையம், ரத்தப் பரிசோதனை. விமானத்தில் போகும் பெட்டி போதுமான விசாலமா என்று டேப் வைத்து அளந்தார்கள். அதே சர்க்கஸில் ஆறு பெண்கள் ஒரே கூடாரத்தில் ஒருக்களித்துத்தான் படுக்கிறார்கள். அதை அளக்க எந்த நாடும் கையெழுத்துப் போட்டதாகத் தெரியவில்லை. கிளியின் அப்பா அம்மா எங்கிருந்து வந்தார்கள் என்று யாரும் துருவவில்லை. வெளிநாட்டுப் பறவை வைத்திருப்பவர்கள் தாமாக வந்து சொன்னால் பழைய காகிதம் கேட்பதில்லை என்று சில வருஷம் முன்பே அரசாங்கம் பெரிய மனது பண்ணியிருந்தது. முகவரிக் கட்டத்தில் சர்க்கஸ் குமாஸ்தா மஹேஷ் "பயணத்தில்" என்று எழுதினான். ஊர் ஊராய்ப் போகும் காட்சி விலங்குகளுக்கு அப்படி ஒரு பிரிவே இருக்கிறதாம்.

மஹேஷ் திருவனந்தபுரத்துக் கரமனைக்காரன், சர்க்கஸின் காகித வேலையெல்லாம் அவன் கையில். ஜெபமலரின் பாஸ்போர்ட்டுக்கும் அவன்தான் மனுப் போட்டான். அங்கேதான் முட்டிக்கொண்டது. அவள் பிறந்தது சர்க்கஸ் கூடாரத்தில். பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஒவ்வொரு அடையாள அட்டையும் கூடாரம் நின்ற ஒவ்வோர் ஊரில் எடுத்தது என்பதால் அவளுக்கு மூன்று பிறந்த வருஷம். முகவரி விசாரிக்கப் போலீஸ்காரர் மைதானத்துக்கு வந்தபோது, கூடாரம் அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தது. கம்பம் நட்ட நான்கு குழிகளைப் பார்த்துவிட்டு, "ஆள் இல்லை" என்று எழுதிப் போனார்.

"நீ விஷமிக்காதே, வருத்தப்படாதே," என்றான் மஹேஷ். "கிளி முதல்ல போகட்டும். பத்து நாள்ல அங்க யாராவது பழக்கிப்பா."

பதினோரு வருஷத்துக்கு முன்னால், முட்டையை உடைத்துக்கொண்டு வந்த அந்த மொட்டைக் குஞ்சை மார்போடு கட்டிக்கொண்டு தூங்கியவள் அவள். பத்து நாள் என்கிறான்.

அனுமதி அலுவலகத்தில் பத்மகுமார் என்கிற மலையாளி அதிகாரி கூண்டைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் ஓக்கே. பிறப்பு சாட்சி ஒண்ணுதான் பாக்கி. இது கூடாரத்தில பொறந்ததுன்னு, நேரில கண்ட ஆள் ஒப்பிடணும், கையெழுத்துப் போடணும். நீங்க ஒப்பிட்டா இது போகும், கேட்டோ."

ஜெபமலர் பேனாவை வாங்கினாள். "நான் சொன்னா போதுமா சார்?"

"பின்னே? வளர்த்த ஆளல்லே. உங்க வாக்கு மதி, அது போதும்."

"நான் பொறந்ததுக்கு என் வாக்கு செல்லாதுன்னுட்டாங்களே சார்."

"அது வேற டிப்பார்ட்மென்ட்."

அவள் கூண்டைப் பார்த்தாள். தங்கராசு கம்பியைக் கவ்விக்கொண்டு தலைகீழாகத் தொங்கிற்று.

"அப்பம்னா ஒண்ணு செய்யலாம் சார். இவன் பொறந்ததுக்கு நான் சாட்சி சொல்லுதேன். எனக்கு இவன் சொல்லட்டும். நான் பொறந்தத இவன் பாக்கல. ஆனா பதினோரு வருசமா நான் இருக்கத தெனமும் பாத்திருக்கான். நல்லா பேசுவான்."

பத்மகுமார் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கோப்பைப் புரட்டினார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"கிளிக்கு மலையாளம் அறியுமோ?"

ஜெபமலர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். கூண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். கூட வந்திருந்த மஹேஷ் பின்னாலேயே ஓடிவந்தான்.

"ஜெபமலர், கையெழுத்து? அது இல்லேன்னா கிளி போகாது. கிளி இல்லேன்னா கான்ட்ராக்டே போயிடும்."

"எனக்கு அட்ரஸ் கெடச்ச அன்னைக்குப் போடுதேன்," என்றாள். "அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பயணத்துல இருக்கோம்னு எழுதிக்கிடுங்க."

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களைப் பார்த்து, டிக்கெட் எடுத்தாச்சா என்று தங்கராசு கேட்டது.