வெள்ளைத் தொட்டிகள்

என் மாமியாரோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. போன வருடம் தொட்டித் தோட்டப் போட்டியின் நடுவர்களே திணறிப் போனார்கள். விதி ரொம்ப எளிது. மூன்று தொட்டி, ஒரே நிறம். வேறு நிறம் எட்டிப் பார்த்தால் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. அத்தை வெள்ளை என்று பெயர் கொடுத்துவிட்டு, நட்டநடுவில் வெளிர்மஞ்சள் சாமந்தியை வைத்திருந்தார். "அது மஞ்சள், அத்தை" என்று முதல்நாளே நான் சொன்னதற்கு, "உனக்கு வயித்தெரிச்சல்" என்றார். நடுவர்கள் சொன்னதற்கு, அவர்களுக்குக் கண்ணே இல்லை என்றார். அப்புறம் கொஞ்ச காலம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

இந்த வருடமும் வெள்ளைதான். நர்சரியில் இரண்டு சாமந்திச் செடிகளை எடுத்துக் கூடையில் வைத்தார். ஒன்று வெள்ளை, மற்றது அதே வெளிர்மஞ்சள். நாலு பேர் முன்னால் சொன்னால் ரகளைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன்.

"இதுல எது அத்தை மஞ்சள்?"

சண்டைக்கு வருவார் என்று நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். அவர் வரவில்லை. குனிந்து ஒரு பூவை மூக்கருகே பிடித்துப் பார்த்தார். இன்னொன்றை விரலால் தடவினார்.

"எதும்மா?" என்றார்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, பாவமாக இருந்தது.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. எல்லாமே புகை மூடின மாதிரி இருக்கு. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. தெரிஞ்சா தொட்டியெல்லாம் இருக்கிற மொட்டைமாடிக் கதவைப் பூட்டிடுவான். செடி இல்லாம இந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்?"

பூட்டக்கூடிய ஆள்தான் என் கணவர். யாராவது தும்மினாலே மாத்திரையோடு வந்து நிற்பார்.

"போட்டி முடிஞ்ச மறுநாள் கண் டாக்டர்கிட்ட வரணும். அதுவரைக்கும் தனியா மாடி ஏறக்கூடாது. சம்மதமா?"

"சரி, சரி, அதட்டாதே."

மறுபடியும் நர்சரிக்குப் போனோம். நிறம் மட்டும்தான் என் வேலை. மற்றதெல்லாம் அத்தையின் விரல்களே பார்த்துக்கொண்டன. இலை பிசுபிசுவென்று ஒட்டினால் பெட்டூனியா. பஞ்சு மாதிரி இருந்தால் வெள்ளி இலைச் செடி. வீட்டுக்கு வந்ததும், "நடுவுல உயரமா சாமந்தி, சுத்தி பெட்டூனியா, விளிம்புல தொங்குறது ஏதாவது வை" என்று என்னை விரட்டினார். நான் ஒரு தொட்டியை மூன்று முறை பிரித்து நட்டேன். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் நட்டு முடித்தபோது அழகாக இருந்தது.

போட்டியன்று மைதானத்தில் எங்கள் தொட்டிகளைப் பார்க்கப் போன வருட நடுவர்களில் ஒருவரே வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"போன வருஷம் எங்களுக்குக் கண்ணே இல்லைன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

பூவாளியோடு என் கணவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அத்தை என் கையை அழுத்தினார்.

"உங்களுக்குக் கண்ணு இருந்துச்சு. எனக்குத்தான் நிறம் தெரியல. இன்னிக்கும் தெரியல. இதெல்லாம் என் மருமக பார்த்துச் சொன்ன வெள்ளை."

கணவரின் முகம் தொங்கிப் போயிற்று. இரண்டாம் பரிசு என்று அறிவித்தபோதுகூட அவர் கைதட்டவில்லை.

வரும் வழியில், மறுநாள் கண் டாக்டரிடம் போவதை அவரிடம் சொன்னேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் நேராக மாடிப்படிக்குப் போனார். போச்சு, பூட்டப் போகிறார் என்று நினைத்தேன். அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கணவர் எடுத்தது அளக்கிற டேப்பை. சுவரோரமாகக் கீழிருந்து மேல்வரை அளந்தார்.

"இங்க ஒரு கைப்பிடி வெச்சுடலாம்மா. நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரேன்." டேப்பைச் சுருட்டினார். "கைப்பிடிக்கு என்ன பெயிண்ட் அடிக்கட்டும்? வெள்ளையா?"

"வெள்ளையே வேண்டாம்டா சாமி. பளிச்சுனு சிவப்பு அடி."

சொல்லிவிட்டு அத்தை என் பக்கம் திரும்பினார்.

"டப்பாவைத் திறந்ததும் முதல்ல இவகிட்ட காட்டு. இவ சிவப்புன்னு சொன்னாத்தான் சிவப்பு."