ஜோடி இழந்த செம்பு

கிட்ட வாங்க கண்ணுங்களா, காலை நீட்டி உட்காருங்க. செம்புக்கும் வயிற்றெரிச்சலுக்கும் என்ன உறவு என்று சொல்கிறேன்.

ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. செம்பு அணுக்கள் மணி கோத்தாற்போல் வரிசையாக நிற்கும் படிகங்களை வளர்ப்பார்கள். ஒவ்வொரு செம்பணுவும் ஒரு குட்டிக் காந்தம். நன்றாகக் குளிர்ந்தால் அடுத்தடுத்தவை ஜோடி சேர்ந்து ஒன்றையொன்று அடக்கிவிடும். காந்தத்தைக் காட்டும் கோடு திரையில் தரையைத் தொடும்.

மூத்தவள் சுத்தத்துக்குப் பேர்போனவள். "நான் பொடி அரைக்கிற கல்வத்துல முகம் பாத்துத் தலை சீவலாம்" என்பாள்.

ஒருநாள் அந்தக் கல்வத்தை இரவல் வாங்கி அரைத்து இளையவள் வளர்த்த படிகத்தில், விழுந்த கோடு கடுங்குளிரில் மறுபடி ஏறியது. ஏறி, சட்டென்று மடங்கியது. அடங்கிக் கிடக்க வேண்டிய காந்தங்கள் விழித்து, ஏதோ ஒழுங்குக்கு வந்துவிட்டன! கூடமே அவளைச் சூழ்ந்தது.

மூத்தவள் அன்றே கல்வத்தைப் பிடுங்கிப் பூட்டினாள். "நேத்து வந்தவளுக்கு வாழ்வைப் பாரு!" என்று புருஷனிடம் பொருமினாள்.

"உன் தங்கச்சி மாதிரிதானே?"

"எனக்கென்ன தங்கச்சி? உங்க தம்பி பொண்டாட்டி!"

வேறு கல்வத்தில் அரைத்து வளர்த்த எந்தப் படிகத்திலும் கோடு ஏறவில்லை. இளையவள் கணக்கைத் திருத்திவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பியது. "இன்னொரு தடவை வரலேன்னா நீ இங்க இருக்க முடியாதும்மா" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர்.

மூத்தவள் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது, கல்வத்தை வெளியே எடுக்கும் வரைக்கும். அடிக்கீறலில் வெள்ளைப் பொடி. அவளே முன்பு அரைத்த துத்தநாக ஆக்சைடு. அவசரத்தில் துடைத்ததோடு சரி, கழுவவில்லை.

துத்தநாகத்துக்குக் காந்தம் கிடையாது. அது செம்பின் இடத்தில் உட்கார்ந்தால் ஒரு செம்பு ஜோடியை இழக்கும். ஜோடி இழந்தது சும்மா இருக்குமா? தன் காந்தத்தைக் காட்டும். அங்கங்கே அப்படித் தனித்தவை ஒன்றையொன்று உணர்ந்து ஒழுங்காகும்.

சொன்னால் சுத்தக்காரி என்ற பேர் போகும், இளையவள் உயர்வாள். சொல்லாவிட்டால் அவள் பொய்க்காரி. மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு போய், தலைவர் மேசையில் கல்வத்தை டொக்கென்று வைத்தாள்.

"அவ பொய் சொல்லல சார். இதுல இருந்தது என் அழுக்கு."

இளையவள் ஓடிவந்தாள். "அக்கா, எவ்வளவு துத்தநாகம் இருந்திருக்கும்?"

"அழுக்க யாராவது அளந்து போடுவாங்களா? இனிமே அளந்து போடுவோம். ஆனா கட்டுரையில என் பேருதான் முன்னாடி."

"படிகம் என்னோடதுக்கா!"

"அழுக்கு என்னோடதுடி!"

துத்தநாகத்தை அளந்து போட்டு வளர்த்த படிகத்தில் கோடு மறுபடி ஏறியது. பேர்ச்சண்டை மட்டும் ஓயவில்லை.

உங்க வீட்டிலும் பொறாமை எட்டிப் பார்க்கும் கண்ணுங்களா. அது உண்மையின் வாயைக் கட்டாமல் இருக்கட்டும். உங்க அடுப்பு அணையாமல், ஜோடி பிரியாமல், சண்டை போடவும் ஆள் குறையாமல் நல்லா இருங்க.