மஞ்சள் பஸ்ஸின் முன் சீட்டு

விசா வந்தாகிவிட்டது, பெட்டி வாங்கியாகிவிட்டது, மகனுக்கு எலுமிச்சை ஊறுகாய்கூடப் போட்டாகிவிட்டது. சிங்கப்பூரில் எந்தப் பஸ்ஸில் ஊர் சுற்றுவது என்பதில்தான் உமாமகேஸ்வரிக்கும் அவள் கணவர் வேல்ராஜுக்கும் மூன்று நாளாக இழுபறி.

எல்லாம் மகன் சுரேஷ் செய்த வேலை. "எனக்கு ரெண்டு நாள்தான்மா லீவு. மத்த நாள்ல நீயும் அய்யாவும் டூர் பஸ்ஸுல சுத்திப் பாருங்க. வேணுங்கிற இடத்துல இறங்கலாம், பாத்து முடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிக்கிடலாம். ஒரே டிக்கெட்டு. எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று இரண்டு கம்பெனிகளின் படத்தைப் போனில் அனுப்பிவிட்டான். ஒன்று சிவப்புப் பஸ், ஒன்று மஞ்சள். ஒரு நாள் டிக்கெட், இரண்டு நாள் டிக்கெட், மேல்மாடி, கீழ்மாடி, நிறத்துக்கு ஒரு வழித்தடம். இருபது ஏக்கர் மிளகாயை மனக்கணக்கிலேயே விளைய வைக்கிற வேல்ராஜ் இந்தப் படத்துக்கு முன்னால் திருதிருவென்று முழித்தார்.

"இறங்கிப் பாத்துட்டு வர்ற வரைக்கும் பஸ்ஸு நிக்குமாக்கும்? துண்டைப் போட்டுட்டு இறங்கினா சீட்டு கிடக்குமா?" என்று கேட்டார். உமாவுக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

அந்தப் பஸ்ஸில் ஏறி இறங்கியவள் ஊரில் ஒரே ஒருத்திதான் உண்டு. இருளம்மாள். வேல்ராஜின் மிளகாய்க் காட்டில் இருபத்தைந்து வருஷமாகக் களை எடுப்பவள். அவள் மகள் கலைச்செல்வி சிங்கப்பூரில் நர்ஸ். போன சித்திரையில் ஆத்தாளைக் கூட்டிப்போய் ஒரு மாதம் வைத்திருந்தாள். திரும்பி வந்ததும் இருளம்மாள் ஒரு டப்பா மிட்டாயோடு உமாவின் வீட்டுக்கு வந்தாள். உமா டப்பாவை வாங்கிக்கொண்டு, "களையெடுக்க நாளைக்கு வந்துருவல்ல?" என்று கேட்டாள். கடல் தாண்டிப் போய்வந்தவளிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

இப்போது காரியம் ஆக வேண்டும். ஆள் அனுப்பினாள்.

இருளம்மாள் கொல்லைப் பக்கமாக வந்து, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். உமா பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்காரச் சொல்லலாம் என்று உமாவுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

படத்தைப் பார்த்ததும் இருளம்மாளின் முகம் மலர்ந்துபோனது.

"மஞ்சப் பஸ்ஸுதான் தாயி. செவப்புல மேல முழுக்கத் தொறந்து கெடக்கும், வெயிலு மண்டையப் பொளக்கும். மஞ்சள்ல முன்னாடி பாதிக்குக் கூரை உண்டு. மாடியில மொத சீட்டு, கண்ணாடிக்குப் பக்கத்துல. அங்கன உக்காந்தா ஊரே நம்ம மடியில வந்து விழுகும்."

"இறங்கினா அந்தப் பஸ்ஸு நிக்குமா?"

"அது ஏன் நிக்கிது? இருவது நிமிசத்துல அடுத்தது வந்துரும். பையை மட்டும் விட்டுட்டு இறங்கிறாதிய. இன்னொண்ணு தாயி, ஒரு நா டிக்கெட்டே போதும். ஏறின நேரத்துல இருந்துதான் கணக்கு. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏறினா மறுநா ரெண்டு மணி வரைக்கும் ஓடும். சாயங்காலம் வெளக்கும் பாக்கலாம், காலையில பூந்தோட்டமும் பாக்கலாம். கலைச்செல்வி அப்படித்தான் பண்ணுனா."

மூன்று நாள் சண்டை மூன்று நிமிடத்தில் தீர்ந்தது. உமா அதோடு எழுந்திருக்கலாம். இருளம்மாள்தான் சொல்கிற ருசியில் தொடர்ந்தாள்.

"ஒரு கூத்து கேளுங்க. மொத சீட்டுல நான் உக்காந்திருக்கேன், ஒரு வெள்ளக்காரம்மா ஏறி வருது. எனக்குப் பழக்கதோசம், வெடுக்குனு எந்திரிச்சிட்டேன். கலைச்செல்வி கையப் பிடிச்சி இழுத்து உக்கார வச்சா. அந்தம்மா சிரிச்சிக்கிட்டே எம் பக்கத்துலயே உக்காந்துருச்சு, தொடையோட தொட ஒட்டி. பிஸ்கோத்து வேற குடுத்துச்சு. நான் பாட்டுக்குச் சிரிக்கேன், இவ பொலபொலன்னு அழுவுறா. 'இங்கன வந்தும் யாருக்கும்மா எந்திரிக்க'ன்னு."

குத்திக்காட்டுகிற பேச்சே இல்லை. அவள் நிஜமாகவே சிரித்தாள். உமாவுக்குத்தான் அதற்கு முந்தின மாசி மாதத்து மினி பஸ் ஞாபகம் வந்து உடம்பு கூசியது. இருளம்மாள் கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். உமா ஏறியதும் கம்பியைத் தடவிக்கொண்டு எழுந்து நின்றாள். உமா அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். யோசித்துக்கூட உட்காரவில்லை. லீவில் வந்து அம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி நின்ற கலைச்செல்வி ஒரு பார்வை பார்த்தாளே, அதற்கு அன்றைக்கு அர்த்தம் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிந்தது. வெட்கம் காது வரை சுட்டது.

"கலைச்செல்வி செஞ்சதுதான் சரி," என்றாள் உமா. "இனிமே யாருக்கும் எந்திரிக்காத இருளம்மா. எனக்கும்தான்."

இருளம்மாள் "சரி தாயி" என்று சொல்லிப் போனாள். உமாவுக்கு மனம் லேசாகிவிட்டது. தன்னைப் போல ஒரு நல்ல மனசுக்காரி உண்டா என்று கூடத் தோன்றியிருக்கும்.

மறுநாள் மகனுக்குச் சேவு வாங்கக் கமுதிக்குப் புறப்பட்டாள். மினி பஸ் பிதுங்கி வழிந்தது. படியேறும்போதே பார்த்துவிட்டாள், நடுவில் இரண்டு பேர் சீட்டில் இருளம்மாள், பக்கத்தில் ஒரு மிளகாய்க் கூடை. பஸ்ஸில் அவள் இருந்து, எழுந்தால் என்ன செய்வது என்று உமா காலையில் குளிக்கும்போதே முடிவு செய்திருந்தாள். தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே போவது. பஸ்ஸே பார்க்கட்டும்.

இருளம்மாள் எழுந்திருக்கவில்லை.

கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலோரமாக நகர்ந்து, காலியான பாதிச் சீட்டைக் கையால் தட்டினாள். "வாங்க தாயி, உக்காருங்க."

உமா கூட்டத்தை விலக்கி அவளருகே வருவதற்குள் பஸ் ஊரைத் தாண்டியிருந்தது. முன் சீட்டிலிருந்து வேல்ராஜின் சித்தி பூமயில் கழுத்தைத் திருப்பினாள். கண்டக்டர், "ஏ கெழவி, எந்திரிச்சு எடத்த விடு" என்று அதட்டினான். இருளம்மாள் அவனைப் பார்க்கவில்லை. உமாவையே பார்த்தாள், நேற்றுச் சொன்ன வார்த்தையை அப்படியே நம்பிய முகத்தோடு.

பாதிச் சீட்டு. உட்கார்ந்தால் தொடையோடு தொடை ஒட்டும். சித்தியின் கண்கள் இன்னும் அவளைவிட்டு அகலவில்லை. நிற்பதற்குத் தயாராக வந்தவளுக்கு உட்காரத் தைரியமில்லை.

"இல்ல... நான் இங்கன இறங்கணும்" என்றாள் உமா.

"இங்கனயா? இது வெறுங்காடும்மா" என்றான் கண்டக்டர்.

"இறங்கணும்."

கண்டக்டர் விசில் ஊதினான். சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே அவளை இறக்கிவிட்டுப் பஸ் நகர்ந்தது. ஜன்னலில் இருளம்மாளின் தலை வெளியே நீண்டது. திட்டப்போகிறாள் என்று உமா நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"அடுத்த பஸ்ஸு ரெண்டு மணிக்குத்தான் தாயி! வெயில்ல நிக்காதிய!"

தூசி அடங்கும்வரை உமா அங்கேயே நின்றாள். போன் அடித்தது. சுரேஷ்.

"எந்தப் பஸ்ஸும்மா? இன்னைக்குப் புக் பண்ணிர்றேன்."

"மஞ்சப் பஸ்ஸுதான்டா. ஒரு நா டிக்கெட்டு போதும். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏறினா மறுநா ரெண்டு மணி வரைக்கும் ஓடும். மாடியில மொத சீட்டு."

"அடேயப்பா! இவ்வளவு விவரமா யாரும்மா சொன்னா?"

கண்ணுக்கெட்டிய தூரம் வரை கேட்க ஒரு ஆள் கிடையாது. சித்தி இல்லை, கண்டக்டர் இல்லை. பெயரைச் சொல்ல அவளுக்கு ஒரு தடையும் இல்லை.

"யாரு சொல்லணும்? நானே போன்ல பாத்தேன்" என்றாள் உமா.

போனை வைத்துவிட்டு, முந்தானையை முக்காடாக இழுத்து விட்டுக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.