பெயர் மாற்றப்பட்டுள்ளது

துளிர் மையத்தின் ஆண்டு விழாவுக்காக அருள்பிரகாசம் அரைநாள் லீவு போட்டிருந்தார். தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் ஆத்தங்குடிப் பட்டறையில் லீவு என்று வாயெடுத்தாலே முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஆனாலும் வந்துவிட்டார். மகள் மரிய அனிதாவின் மென்டர் அக்காவுக்கு அன்று மேடையில் மரியாதை; பொன்னாடை போர்த்தப்போவது அனிதா. தேய்த்த சட்டையும் வேட்டியுமாக இரண்டாவது வரிசையில், பட்டறையில் கூட வேலை பார்க்கும் சிட்டாள் என்பவளுக்குப் பக்கத்தில், நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

துளிர், வலையபட்டியில் ஒரு பழைய பெரிய வீட்டின் கூடத்தை வாடகைக்குப் பிடித்து நடக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் சைக்கிளிலும் மினி பஸ்ஸிலும் வந்து சேரும். முதலில் சுண்டல், அப்புறம் கணக்கு, இங்கிலீஷ் பேச்சு, செஸ். சனிக்கிழமை மட்டும் மென்டர் நேரம். ஆளுக்கு ஓர் அக்காவோ அண்ணனோ, தனியாக உட்கார்ந்து மனசு விட்டுப் பேசலாம். இங்கே பேசியது இந்த இடத்தை விட்டு வெளியே போகாது என்பது அந்த நேரத்தின் சட்டம். சட்டம் போடுவதற்கு என்ன, வாயா வலிக்கிறது?

அனிதாவுக்கு அமைந்தவள் வின்சி. காரைக்குடியில் ஒரு வங்கியில் வேலை, கல்யாணம் இன்னும் ஆகவில்லை. அதிகம் பேசமாட்டாள், கேட்கத் தெரிந்தவள். உலகத்தில் நாம் ஏமாறுவது இந்த மாதிரி ஆட்களிடம்தான். வாயாடிகளிடம் யாராவது ரகசியம் சொல்வார்களா?

அனிதாவின் அம்மா ஜெசிந்தா குவைத்தில் வீட்டு வேலை பார்ப்பதாகத்தான் ஊரில் பேச்சு. அருள்பிரகாசம் சொல்லி வைத்தது அது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், வெளிநாட்டில் உழைப்பவர்களுக்கான மன்றாட்டில் அவள் பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்வார். ஜெசிந்தா இருப்பதோ திருப்பூரில், வேறொருவனோடு. அப்பாவுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஊர் நம்பியதோ இல்லையோ, கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே அந்த மனுஷனுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

இதைத்தான் ஒரு சனிக்கிழமை அனிதா வின்சியிடம் சொல்லிவிட்டாள். சொன்னதும் அழுகை வந்தது. வின்சி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போன அனிதா நன்றாகத் தூங்கினாள். வின்சி அக்காவுக்காகவே படித்தாள் என்றுகூடச் சொல்லலாம். பிளஸ் ஒன் கணக்கில் முதல் ஆளாக வந்தாள்.

பிறகு ஒருநாள் வின்சி வீட்டுக்கு வந்தாள். மீன் குழம்பு சாப்பிட்டாள். தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த அனிதாவைக் கைபேசியில் படம் எடுத்தாள். அந்தத் தரை அருள்பிரகாசம் போட்டது. பட்டறையில் சாயம் கசிந்ததும் மூலை உடைந்ததுமாக ஒதுக்கிப் போட்ட பூக்கற்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து பதித்தார். தாமரைக்குப் பக்கத்தில் நட்சத்திரம், நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பாதி மயில். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் சம்பந்தமே கிடையாது.

விழாவில் விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். 'நிலா' என்று தலைப்பு வந்தது. அடியில், பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று சின்ன எழுத்து. அடுத்து ஒரு பெண் தரையில் உட்கார்ந்து படிக்கும் படம். முகத்தை வெட்டியிருந்தார்கள். புத்தகம், மடக்கிய கால், தரை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

"அருளண்ணே, இது ஒங்க வீட்டுத் தரையில்ல?" என்றாள் சிட்டாள், சந்தோஷமாகத்தான். "ஏ, நம்ம அனிதாப் புள்ளடி" என்று பின் வரிசைக்கும் திரும்பிச் சொன்னாள். ஆத்தங்குடிக்காரர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் வின்சியின் குரல் பேச ஆரம்பித்தது. நிலாவின் தாய் வேறொருவரோடு போய்விட்டார். தந்தை ஊரிடம், வெளிநாட்டில் வேலை என்று பொய் சொல்லி வாழ்கிறார். ஒரு மாலை நிலா என் மடியில் விழுந்து அழுதாள். அன்று அவளுக்கு நான் தாயானேன்.

சிட்டாள் சட்டென்று தலையைக் குனிந்து சேலை முந்தானையைப் பார்த்தாள். அவள் ஏதாவது பேசியிருந்தால்கூடத் தேவலை. முன்வரிசையில் சென்னையிலிருந்து வந்த நன்கொடையாளர்கள் கண்ணைத் துடைத்தார்கள். விளக்கு வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அருள்பிரகாசமும் தட்டினார், எப்போது நிறுத்துவது என்று தெரியாதவரைப் போல.

மேடை ஓரத்தில் பொன்னாடையோடு நின்ற அனிதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்னை உரித்துச் சந்தையில் தொங்கவிட்டதுபோல் இருந்தது. வின்சி அருகில் வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"என்னடா? பேர் போடல, முகம் காட்டல. யாருக்கும் தெரியாது."

"எங்க ஊர்ல தரையப் பாத்தே வீட்டச் சொல்லுவாகக்கா. மூஞ்சி எதுக்கு?"

வின்சிக்கு அப்போதுதான் உறைத்தது. "சத்தியமா எனக்குத் தோணலடா. சார் ஒரு நல்ல கதை வேணும்னு கேட்டாரு..."

"கதையாக்கா?"

ஒலிபெருக்கியில் மையத்தின் தலைவர் மெய்யநாதன் அனிதாவின் பெயரைக் கூப்பிட்டார். அனிதா பொன்னாடையை வின்சியின் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே போத்திக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கூட்டம் வழிவிட்டது.

அருள்பிரகாசம் அதற்குள் வெளியே போய் வண்டியைக் கிளப்பி நிறுத்தியிருந்தார். அவள் ஏறிக்கொண்டாள். கண்மாய்க்கரையில் வண்டியை ஓரங்கட்டினார், இறங்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"தப்புத்தாம்ப்பா. அவகள நம்பிச் சொல்லிட்டேன்" என்றாள் அனிதா. "நாளைக்கு எப்படிப் பட்டறைக்குப் போவீக?"

"போவேன். ஊர்வாய மூட ஒல மூடியா இருக்கு? ரெண்டு நாளைக்குப் பேசுவாக, விட்டுருவாக." குரலில் கோபமே இல்லை. கண்மாயைப் பார்த்தபடியே கேட்டார். "அந்தப் புள்ள மடியில விழுந்து அழுதியாம்ல?"

அனிதா அவர் முதுகையே பார்த்தாள்.

"ஏன்த்தா, எங்கிட்ட ஒரு நாளும் அழல?"

வின்சி மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அனிதாவுக்கு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அழுதால் அப்பாவும் அழுதுவிடுவார் என்ற பயத்தில்தான் இத்தனை நாளும் அழவில்லை. அதை இப்போது எப்படிச் சொல்வது? அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.