நாற்காலிக்கு அடியில் ஈரம்

மாமனாரின் நாற்காலிக்கு அடியில் ஈரத்தை முதலில் பார்த்தது நான்தான். புராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து அவர் வீடு திரும்பிய வாரம் அது. காலையில் செய்தித்தாளோடு உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண் சொக்கிவிடும். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அங்கிருந்து குளியலறைப் பக்கமாக, டைல்ஸ் இடுக்குகளை ஒட்டித் திட்டுத் திட்டாக இன்னும் சில.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கொஞ்ச நாளைக்குக் கட்டுப்பாடு இருக்காது என்று டாக்டரே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கணவரிடம் காதோடு சொன்னேன்.

“அப்பாகிட்ட கேட்டுடாத,” என்றார். “கூனிக் குறுகிப் போயிடுவாரு.”

“நான் ஏங்க கேக்கப்போறேன்? எனக்கு அந்த அளவுக்குக்கூடத் தெரியாதா?”

எனக்கு வாய் நீளம். பால்காரர் முதல் மேல்வீட்டுக்காரி வரை யாரும் என்னிடமிருந்து தப்பியதில்லை. ஆனால் மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். சட்டை கசங்கியிருந்தால் வாசல்வரைகூட வரமாட்டார். அவரிடம் போய் இதையா கேட்பது? அவர் கண் மூடியிருக்கும் நேரம் பார்த்து, பூனை மாதிரி போய்ப் பினாயில் துணியால் துடைத்துவிட்டு வருவேன். தினமும் இதே வேலை. வாடையே இல்லையே என்று ஒரு நாள் தோன்றத்தான் செய்தது. நல்ல பினாயில் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கணவர் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை வாங்கி வந்து, மெத்தைக்குப் புது உறை என்று சொல்லி அவர் கட்டிலில் போட்டார். மாமனார் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டார். நம்மைப் போல நாசூக்கான குடும்பம் உண்டா என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

பிறகு ஒரு முற்பகலில், நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் என்னைவிடச் சின்னவர். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு எங்களை முறைத்தார்.

“இவர் தண்ணியே குடிக்கிறதில்லையா? சிறுநீரகம் ரெண்டும் நின்னுபோற நிலைமைல இருக்கு. இந்த ஆபரேஷன் ஆனவங்க நிறையத் தண்ணி குடிக்கணும். வீட்ல யாரும் கவனிக்கலையா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் அவர் கட்டிலருகே பாட்டில் நிறையத் தண்ணீர் வைத்தவள் நான். மாலையில் காலியாகத்தான் எடுத்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே இருந்த தொட்டிச் செடி மட்டும் ஏன் அப்படிச் செழித்தது என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

மறுநாள் காலை மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வழக்கம்போல் மோட்டாரைப் போட்டுவிட்டுத் துண்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தவள், அப்படியே நின்றுவிட்டேன்.

காலி நாற்காலிக்கு அடியில் ஈரம்.

துடைத்தேன். மறுபடி ஊறியது. மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடைத்தேன். துடைத்த இடம் காய்ந்தே கிடந்தது. மோட்டாரைப் போட்டேன், டைல்ஸ் இடுக்கு மெல்லக் கருக்கத் தொடங்கியது. குனிந்து, கன்னம் தரையில் படப் பார்த்தேன். அவர் பிடித்துக்கொண்டு எழ வசதியாக, அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே கணவர் நாற்காலியை ஒட்டித் தரையைத் துளைத்து ஒரு கைப்பிடிக் கம்பியை நட்டிருந்தார். அதன் போல்ட்டைச் சுற்றித்தான் தண்ணீர் கசிந்தது. தரைக்கு அடியில்தான் மாடித் தொட்டிக்குப் போகும் குழாய். நான் மோட்டார் போடுவதும் அவர் செய்தித்தாளோடு உட்காருவதும் ஒரே நேரம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு தெளிந்திருந்தது. கணவர் பக்கத்தில் நின்றார்.

“மாமா, அது நீங்க இல்ல. மோட்டார் பைப்புல ஓட்டை. கம்பி போடுறப்ப பட்டிருக்கு.”

எது என்று அவர் கேட்கவில்லை. கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

“எனக்குத் துணி நனைஞ்சதே இல்லம்மா,” என்றார் மாமனார் மெதுவாக. “தொட்டுத் தொட்டுப் பாப்பேன். காஞ்சுதான் இருக்கும்.”

“அப்புறம் ஏன் மாமா எங்ககிட்ட சொல்லல?”

“நீ துடைக்கிறப்பல்லாம் நான் முழிச்சுதான் இருந்தேன். இன்னிக்காவது ரெண்டு வார்த்தை திட்டுவே, நான் இல்லம்மான்னு சொல்லிடலாம்னு பாப்பேன். நீ திட்டவே இல்ல. நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு நல்லபடியா நடந்துக்கிட்டதும், எனக்கே என்மேல நம்பிக்கை போயிடுச்சு.”

தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினேன். வாங்குவதற்கு முன் அவர் போர்வைக்குள் கைவிட்டு, படுக்கையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.